ஏணி உச்சியில்தான் சறுக்கும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பொங்கல் நெருங்குகிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு ஏணி சாய்ந்து நிற்கிறது. பெயின்ட் அடிக்க ஏறியவர் ஏணியோடு சரிந்து விழுந்தார் என்று மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தியும் அவ்வப்போது வருகிறது. ஏணியின் கால் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருந்தது, தரை சிமென்டா டைல்ஸா என்பது மட்டும் அதில் இருப்பதில்லை. ஏணி ஏன் சரிந்தது என்று அறிய எனக்கு முதலில் வேண்டியது அந்த இரண்டு விவரம்தான்.

பாலிடெக்னிக்கில் இன்ஜினியரிங் மெக்கானிக்ஸ் நடத்தி ஓய்வு பெற்றவன் நான். திண்மப்பொருளின் சமநிலை என்றாலே ஏணிக் கணக்கு வந்துவிடும்: வழவழப்பான சுவர், சொரசொரப்பான தரை, உராய்வுக் குணகம் (கால் நழுவாமல் தரை தாங்கும் பக்கவாட்டு விசைக்கும் தரையை அழுத்தும் எடைக்கும் உள்ள விகிதம்) காண்க. பையன்கள் சரியாகப் போட்டு மதிப்பெண்ணும் வாங்கிவிடுவார்கள். ஆனால் அந்தக் கணக்குக்குள் இருக்கும் எச்சரிக்கை வகுப்பறையைத் தாண்டுவதே இல்லை.

16 அடி ஏணி, எடை 15 கிலோ. ஏறுபவர் 65 கிலோ. கால் சுவரிலிருந்து 7 அடி தள்ளி இருக்கிறது. அப்போது உச்சி 14 அடிக்குச் சற்று மேலே சுவரைத் தொடும். சுவர் உராய்வால் தாங்காது என்று வைத்துக்கொண்டால், தரையை அழுத்தும் எடை எப்போதும் 80 கிலோதான். ஏணியின் காலை வெளியே தள்ளும் விசை அப்படி மாறாமல் இருப்பதில்லை. ஏணியின் அடியைச் சுற்றித் திருப்புத்திறன் (விசையை அடியிலிருந்து அதன் தூரத்தால் பெருக்கியது) எடுத்துப் பாருங்கள். ஆள் ஏறத் தொடங்கும்போது அந்தத் தள்ளும் விசை சுமார் 4 கிலோ எடைக்குச் சமம். பாதி ஏறியதும் 19. உச்சிக்குப் போனால் 35. அழுத்தம் கூடவே இல்லை, தள்ளுவது மட்டும் பல மடங்கு கூடிவிட்டது. கீழ்ப்படியில் ஏறி நின்று ஆட்டிப் பார்த்துவிட்டு "நல்லா நிக்குது" என்று மேலே போகிறார்களே, அந்தச் சோதனை உச்சியைப் பற்றி எதையும் சொல்லாது. கையில் பெயின்ட் வாளியோடு மேலே போன பிறகுதான் ஏணி கிளம்பும்.

அதே ஏணியின் காலை 4 அடிக்கு நகர்த்துங்கள். உச்சியில் ஆள் இருக்கும்போதுகூடத் தள்ளும் விசை 19 கிலோவாகக் குறைந்துவிடும். 4 அடி உயரத்துக்கு 1 அடி தள்ளல் என்ற விதியும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது. 7 அடி தள்ளி வைத்தால் உராய்வுக் குணகம் குறைந்தது 0.44 தேவை. கழுவிவிட்ட போர்ட்டிகோ டைல்ஸில் அதை நம்பி யாரையும் ஏற்றக் கூடாது.

அடிப்படியில் ஒருவரை ஏறி நிற்கச் சொல்லும் பழக்கம் நம்மூரில் உண்டு. அருமையான பழக்கம் அது. 60 கிலோ ஆள் நின்றால் தரை அழுத்தம் 140 ஆகிறது, தள்ளும் விசையோ ஏறத்தாழ அப்படியே இருக்கிறது. தேவைப்படும் குணகம் சுமார் 0.25க்கு இறங்கிவிடும். ஆனால் கூலி மிச்சம் என்று இந்தக் கையாளைத்தான் முதலில் நிறுத்துகிறார்கள். அப்புறம், எல்லா உயரத்துக்கும் ஒரே நீள ஏணியைக் கொண்டுவருகிறார்கள். தாழ்ந்த சுவரில் நீள ஏணியைச் சாய்த்தால் கால் தள்ளித்தானே போகும்? உயரத்துக்கேற்ற ஏணியும் கையாளும் தருவது வேலை கொடுப்பவரின் பொறுப்பு. ஏறுகிறவர் தலையில் அதைக் கட்டுவது நியாயமில்லை.

கல்லூரி ஆசிரியர்களிடம் ஒன்று கேட்கிறேன். விசைப்படத்தைப் பலகையில் வரையுமுன் பட்டறையிலிருந்து ஒரு ஏணியை எடுத்து வந்து சுவரில் சாய்த்துக் காட்டுங்கள். யாரும் ஏற வேண்டாம். காலை நகர்த்தி நகர்த்தி அளந்தாலே போதும்.

உங்களிடம் கேட்பது, மார்கழி முடிவதற்குள் ஒரு சிறு கட்டச் செய்தி. அதில் ஒரு படமும் இவ்வளவும் இருந்தால் போதும்: ஏணியின் அடியில் கால்விரல் படும்படி நிமிர்ந்து நின்று, கையைத் தோள் உயரத்தில் நேராக நீட்டுங்கள். உள்ளங்கை ஏணிப்படியில் பட்டால் சாய்வு சரி. எட்டாமல் போனால் ஏணியின் காலைச் சுவர்ப் பக்கம் தள்ளிவிட்டு ஏறுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் விரிவுரையாளர்,
பாளையங்கோட்டை.