லீக் பிடிபட்டது, மச்சான்!

அன்புள்ள ரவி,

அம்மா சுகம். சின்னவள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். வெள்ளவத்தையில் வழக்கமான புழுக்கம். வீட்டுப் புதினம் அவ்வளவுதான்.

நான் எழுத உட்கார்ந்தது வேறு விஷயத்துக்கு. என் டொயோட்டா எம்ஆர்2 காரின் ஏசி லீக் பிடிபட்டுவிட்டது! நீ சிவப்புக் குதிரை என்று பட்டம் வைத்தாயே, அதே 1991 வண்டிதான்.

காஸ் அடித்தால் சில வாரம் குளிரும், பிறகு வெறும் காற்று. ஏசி காஸ் எரிந்து தீருகிற சாமான் இல்லையே, மூடின குழாய்க்குள் சுற்றிக்கொண்டிருப்பது. குறைந்தால் எங்கோ வெளியே போகிறது. ஒரு கராஜில் காஸை அழுத்திச் சுற்றவிடுகிற கொம்பிரசரையே மாற்றச் சொன்னார்கள். இன்னொரு இடத்தில் குழாய்க்குள் இருந்த காற்றை இழுத்து வக்கூம் போட்டுப் பார்த்து, அழுத்தமானியின் முள் அசையவில்லை, லீக் இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். எனக்கு ஆத்திரம் வந்தது அங்கேதான். வக்கூமில் உள்ளுக்கும் வெளிக்கும் அழுத்த வித்தியாசம் மிஞ்சினால் 15 பிஎஸ்ஐ, அதுவும் உள்நோக்கி. கொழும்பு வெயிலில் ஏசி ஓடும்போது அழுத்தம் கூடின ஹை சைட் குழாயில் 200ஐத் தாண்டும். 15க்கு அடங்கி நிற்கிற ஓட்டை 200க்கு அடங்குமா?

கடைசியில் பஞ்சிகாவத்தைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக் பாஸ் அகப்பட்டார். நைதரசனை 150 பிஎஸ்ஐக்கு அடித்துப் பூட்டி, ராத்திரி முழுக்க விட்டார். காலையில் முள் இறங்கியிருந்தது. ஒயிலும் காஸோடு சேர்ந்து சுற்றுவதால் லீக் உள்ள இடத்தில் ஒயில் கசிந்து தூசி ஒட்டும்; முதலில் அதைத்தான் தேடினார். ஜொயின்ட் எல்லாம் சுத்தம். உனக்குத் தெரியும், இந்த வண்டிக்கு எஞ்சின் பின்னால், காஸின் சூட்டை வெளியேற்றுகிற கண்டென்சர் முன்னால். அலுமினியக் குழாய்கள் வண்டியின் அடியால் நீளத்துக்கு ஓடுகின்றன. அவற்றைப் பிடித்திருந்த கிளாம்ப் ஒன்றைக் கழற்றினார், றப்பருக்கு அடியில் வெள்ளைப் பொடி. கடல் உப்பு அதற்குள் தங்கி அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. துடைத்துவிட்டுச் சவர்க்காரத் தண்ணீர் வைத்தார். ஊசிமுனை அளவு இடத்திலிருந்து சின்னச் சின்னக் குமிழி, ஒன்றன் பின் ஒன்றாக. நிலத்தில் படுத்தபடியே கத்திவிட்டேன்.

அந்தத் துண்டை வெட்டி, புதுக் குழாய் வைத்து ஆர்கன் வெல்டிங் செய்தார். ஜொயின்டுகளுக்குப் போடுகிற ஓ-ரிங் எல்லாம் பச்சை எச்என்பிஆர் றப்பர். ஈரம் உறிஞ்சுகிற டிரையரும் புதிது. லைனைத் திறந்தால் அதை மாற்றத்தான் வேண்டும். ஈரம் உள்ளே நின்றால் அமிலமாகி அரித்துவிடும். ஆர்-12 என்ற பழைய காஸ் காலத்து வண்டி என்பதால் பழைய ஒயிலை வடித்து எஸ்டர் ஒயில் விட்டு, அதற்குப் பதிலாக வந்த ஆர்-134ஏ காஸைப் பழைய அளவில் 85 வீதம் மட்டும் அடித்தார். இப்போது மத்தியானத்தில் கொழும்பு–காலி வீதி நெரிசலிலும் விரல் விறைக்கிறது.

ஒரு கவலை, ரவி. அவரிடம் தொழில் பழகிய பொடியன்கள் 2022 நெருக்கடிக்குப் பிறகு வெளிநாடு போய்விட்டார்கள். 2020 முதல் 2025 தொடக்கம் வரை வாகன இறக்குமதி நின்றிருந்த காலத்தில் பழைய வண்டிகள் ஓடியதே இப்படியான கைகளால்தான். அவருக்குப் பிறகு இந்தப் பொறுமை யாரிடம் இருக்கும்?

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். உன் மாஸ்டா எம்எக்ஸ்-5 காருக்கு லீக் அடைக்கிற டின் வாங்கினேன் என்று எழுதியிருந்தாய். தயவுசெய்து ஊற்றாதே! ஈரம் பட்டால் இறுகிற சாமான் அது. காஸைச் சிறு துளையால் விடுகிற எக்ஸ்பான்ஷன் வால்வை அடைத்தாலும் அடைக்கும், காஸ் இழுக்கிற மெஷினையும் கெடுக்கும். பிறகு ஒரு கடைக்காரனும் உன் காரைத் தொடமாட்டான். முதலில் சர்வீஸ் வால்வு மூடியைக் கழற்றிச் சவர்க்காரத் தண்ணீர் ஒரு சொட்டு விட்டுப் பார். அடுத்தது கொம்பிரசர் கிளட்சைச் சுற்றி ஒயில் தெறித்திருக்கிறதா என்று பார். இரண்டும் இல்லையென்றால், டாஷுக்கு உள்ளேயிருந்து தண்ணீர் வடிகிற குழாய் வாயில் காஸ் டிடெக்டரைப் பிடிக்கச் சொல்லு. டாஷுக்குள் காற்றைக் குளிராக்குகிற இவாப்பரேட்டர் ஓட்டை என்றால் அங்கே கத்தும். அப்புறம் நைதரசன். எத்தனையில் பூட்டினார்கள், காலையில் எத்தனை என்று எழுது, பாஸிடம் கேட்டுச் சொல்கிறேன்.

குஞ்சனைக் கண்டால், பந்தயக் காசை நான் இன்னும் மறக்கவில்லை என்று சொல்லு.

அன்புடன்,
செல்வன்