கர்ப்பப்பையை எடுக்குமுன்: தருமபுரி, கிருஷ்ணகிரி மருத்துவ அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதல்வர்களுக்கும், இரு மாவட்டங்களின் மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர்களுக்கும் வணக்கம்.

பென்னாகரம் வட்டாரத்தில் கிராம சுகாதார செவிலியராக 30 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். தடுப்பூசி, பிரசவம், குடும்பநலம் என்று ஓடிய அந்த ஆண்டுகளில், என் கண்ணில் பட்டும் நான் கவனிக்காமல் விட்ட பெண்கள் உண்டு. உடல் பருத்து, குழந்தை தங்காமல், மூன்று மாதம் தீட்டு நின்று, பிறகு இருபது நாள் விடாமல் உதிரம் போகும் இளம் பெண்கள் அவர்கள். கர்ப்பிணிப் பதிவேட்டில் அவர்கள் பெயர் ஏறாததால், நான் போய்ப் பார்க்கும் வீடுகளில் அவர்கள் வீடு இடம்பெறவில்லை. அந்தக் குற்ற உணர்வோடுதான் இதை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு 29 வயதுப் பெண் ஒருத்தி என் வீட்டுக்கு வந்தாள். திருமணமாகி ஏழு ஆண்டுகள், 148 செ.மீ. உயரம், 79 கிலோ எடை. துணிக்கடைப் பையிலிருந்து ஸ்கேன் அறிக்கையை எடுத்து நீட்டினாள். கர்ப்பப்பையின் உள்சவ்வு 17 மி.மீ. என்ற வரியின் அடியில் பேனாவால் இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டிருந்தன. நீட்டிய கையின் நகங்கள் சுண்ணாம்பு போல வெளுத்திருந்தன. அவள் காட்டிய தனியார் மருத்துவமனையில், கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், தேதி சொல்லுங்கள் என்று கூறியிருந்தார்கள். உள்சவ்வைச் சுரண்டி திசுப் பரிசோதனைக்கு அனுப்பவே இல்லை. "எடுத்துட்டா அந்த வூட்ல எனக்கு என்னக்கா இடம்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

மாதவிடாய் நிற்காத வயதில் உள்சவ்வின் தடிமன் மாதம் முழுவதும் ஏறி இறங்கும். ஸ்கேன் எண்ணை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் அதே தடிப்பை ஒன்றுமில்லை என்று தள்ளிவிடவும் முடியாது. உடலில் சேரும் கொழுப்பு, உள்சவ்வை வளர்க்கும் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோனை உண்டாக்குகிறது. சினைப்பை நீர்க்கட்டிக் குறைபாட்டால் (பி.சி.ஓ.எஸ்.) கருமுட்டை வெளியேறாத பெண்ணுக்கு அதைத் தணிக்கும் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரப்பதில்லை. அணை இல்லாத ஆறு போல ஈஸ்ட்ரோஜன் மட்டும் பாய, உள்சவ்வு வளர்ந்துகொண்டே போகிறது. அந்த வளர்ச்சியில் செல்கள் உருமாறத் தொடங்கியிருந்தால் அது புற்றுநோயின் வாசற்படி. அமெரிக்காவில் 2006-இல் வெளியான ஓர் ஆய்வில், உருமாறிய தடிப்பு என்ற முடிவோடு கர்ப்பப்பை நீக்கப்பட்ட பெண்களில் 43 விழுக்காட்டினருக்கு உள்ளே புற்றுநோயே இருந்தது. ஆகவே திசுப் பரிசோதனை செய்யாமல் கர்ப்பப்பையை எடுப்பதும் தவறு, உதிரம் நிற்கும் மாத்திரையை மட்டும் ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்து அனுப்புவதும் தவறு.

அவளைச் சேலத்துக்கு அழைத்துச் சென்றேன். உருமாறிய தடிப்பு என்று முடிவு வந்தது; எம்.ஆர்.ஐ.யில் தசைக்குள் எதுவும் பரவியிருக்கவில்லை. புரோஜெஸ்டிரோன் போலவே வேலை செய்யும் புரோஜெஸ்டின் மருந்தைத் தினமும் சிறிதளவு விடும் கருவியைக் கர்ப்பப்பைக்குள் வைத்தார்கள். காப்பர்-டி போலத்தான் இருக்கும், ஆனால் செய்யும் வேலை வேறு. ஆஸ்திரேலியாவில் உடல் பருத்த பெண்களிடம் நடத்தி 2021-இல் வெளியிட்ட ஆய்வில், இக்கருவி வைத்த ஆறு மாதத்தில், உருமாறிய தடிப்பு இருந்தவர்களில் 82 விழுக்காட்டினருக்கும், தொடக்கநிலைப் புற்றுநோய் இருந்தவர்களில் 43 விழுக்காட்டினருக்கும் திசு பழைய நிலைக்குத் திரும்பியது. எடைக் குறைப்பைச் சேர்ப்பதால் இந்தப் பலன் கூடுகிறது என்று அந்த ஆய்வு உறுதியாகச் சொல்லவில்லை. ஆனால் உடல் எடையில் ஐந்து முதல் பத்து விழுக்காடு குறைந்தாலே பலருக்குக் கருமுட்டை மீண்டும் வெளியேறத் தொடங்குகிறது. நோய்க்குக் காரணமான ஈஸ்ட்ரோஜனும் தணிகிறது. குழந்தை வேண்டும் என்று கர்ப்பப்பையைக் காப்பாற்றும் பெண்ணுக்கு இவை இரண்டும் வேண்டும்.

"உடம்பைக் குறை" என்று சொல்வது எளிது. எங்கள் ஊரில் இளம் மருமகள் காலையில் ஏரிக்கரையில் தனியாக நடந்தால் நான்கு பேர் நின்று பார்ப்பார்கள். களியும் சாமையும் விளைந்த மண்ணில் இன்று மூன்று வேளையும் ரேஷன் அரிசிச் சோறு; களி கிண்டினாலும் அளவு தெரியாமல் இரண்டு உருண்டை. நான் அவளுக்குச் செய்ததெல்லாம், உருண்டையை ஒன்றாக்கி, கீரையையும் கொள்ளையும் கூட்டி, மாலையில் அவள் மாமியாரையும் சேர்த்துக்கொண்டு மூவருமாக நடந்ததுதான். எட்டு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. மாமியாருக்குச் சர்க்கரை குறைந்தது வேறு கதை.

கர்ப்பப்பையைக் காக்கும் இந்தக் கருவி எல்லோருக்கும் பொருந்தும் சிகிச்சை அல்ல என்பதையும் அறிவேன். புற்றுநோய் தொடக்கநிலையில், வீரியம் குறைந்த வகையாக, உள்சவ்வைத் தாண்டாமல் இருக்க வேண்டும். மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை திசுவை எடுத்துப் பார்க்க வேண்டும். குணமாகாவிட்டால் அறுவை சிகிச்சைக்குத் தயங்கக் கூடாது. குணமானாலும் திரும்பி வரலாம் என்பதால் பிள்ளைப்பேறு முடிந்தபின் கர்ப்பப்பையை எடுத்துவிடும்படியே மருத்துவர்கள் சொல்கிறார்கள். இவை அனைத்தையும் அந்தப் பெண்ணுக்கு விளங்கும்படி சொல்லி, முடிவை அவளிடம் விட வேண்டும்.

தேவையற்ற கர்ப்பப்பை நீக்கத்தைத் தடுக்க மத்திய சுகாதார அமைச்சகம் 2022-இல் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. அவற்றை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2023-இல் உத்தரவிட்டது. 40 வயதுக்கு உட்பட்ட எந்தப் பெண்ணுக்கும், உதிரப்போக்குக்காகக் கர்ப்பப்பையை எடுக்குமுன் திசுப் பரிசோதனை அறிக்கை கோப்பில் இருக்க வேண்டும் என்பதை அரசு, தனியார் என்று பாராமல் இரு மாவட்டங்களிலும் கட்டாயமாக்குங்கள். இரு கல்லூரிகளிலும் மாதம் ஒருநாளாவது மகப்பேறு மருத்துவரும், திசுவைப் பார்த்து நோயறியும் நோய்க்குறியியல் மருத்துவரும் உணவியல் வல்லுநரும் இப்பெண்களை ஒன்றாகப் பார்க்கட்டும். புரோஜெஸ்டின் கருவி அங்கேயே விலையின்றிக் கிடைக்கட்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியதே நமது கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்க்க வீடு தேடிப் போகும் அந்தப் பணியாளர்கள், வீட்டிலுள்ள இளம் பெண்களிடம் மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா என்று ஒரு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம்.

அவளுக்கு எடுத்த இரண்டு பரிசோதனைகளிலும் திசு சுத்தமாக வந்திருக்கிறது. மூன்றாவது, வரும் மாதம். அதற்கும் நாங்கள் விடியற்காலையில் பேருந்து ஏறி, ஒருநாள் கூலியை விட்டு, சேலத்துக்குத்தான் போகவேண்டும். நான்காவது பரிசோதனையையாவது தருமபுரியிலேயே செய்துகொள்ள வழி செய்யுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர்,
பென்னாகரம் வட்டம், தருமபுரி மாவட்டம்.