முட்டைக்கு தீவனச் செலவு எவ்வளவு?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்ங்க. முட்டை விலை ஏத்தம் பத்தி நம்ம பேப்பர்ல வந்த செய்தி படிச்சேன். ஒரு கோழி ஒரு நாளைக்கு 110 கிராம் தீவனம் தின்னும், அதோட விலைதான் முட்டையோட தீவனச் செலவுங்கற மாதிரி போட்டிருந்தீங்க. கணக்கு அங்கதான் தப்பா போகுது.

தீவனம் கிலோ 30 ரூபான்னே வெச்சுக்குவோம். 100 கோழிக்கு ஒரு நாளைக்கு 11 கிலோ, 330 ரூபா. ஆனா 100 கோழியும் தினமும் முட்டை வெக்காதுங்க. நல்ல பருவத்துல 90 முட்டை கிடைச்சா ஒண்ணுக்கு 3.67 ரூபா ஆச்சு, அதே கோழிக்கு வயசாகி 75 முட்டைக்கு இறங்கிட்டா 4.40 ரூபா, தீவனம் மட்டும் அதே 11 கிலோ தின்னுட்டுதான் இருக்கும். இதுபோக குஞ்சு வாங்குன நாள்ல இருந்து முட்டைக்கு வர்ற வரைக்கும், அதாவது நாலஞ்சு மாசம், ஒரு வருமானமும் இல்லாம ஒரு கோழி சுமார் 6 கிலோ தின்னிருக்கும். அந்த 180 ரூபாய ஒரு கோழி மொத்தமா வெக்கற 300 முட்டைக்கு பிரிச்சா முட்டைக்கு 60 பைசா. கடைசியில முட்டை ஓஞ்சதும் கறிக்கு கழிவு கோழியா விக்கும்போது கொஞ்சம் திரும்ப வரும், இல்லைங்கல, அந்த ரேட்டும் நம்ம கையில இல்ல. மருந்து, கரண்டு, ஆள் கூலி எதையும் நான் இதுல சேக்கவே இல்ல.

சிந்தறது தனி. தீவனத் தொட்டிய நிரப்பி வெச்சா கோழி மூக்கால தள்ளித் தள்ளி சோளக் குருணைய மட்டும் பொறுக்கும், பாதி கீழ எருவுல விழும், மாவு அடியில தங்கிரும், சத்தெல்லாம் அந்த மாவுலதான் இருக்கு. அதனாலதான் தொட்டியில மூணுல ஒரு பங்குக்கு மேல போடாம அப்பப்ப கையால கிளறி விடறோம். ஒரு கோழிக்கு 2 கிராம் சிந்துனாலே 10,000 கோழிக்கு தினம் 20 கிலோ, 600 ரூபா மண்ணுக்கு போச்சு.

தீவனத்துல பாதிக்கு மேல மக்காச்சோளம், அடுத்தது சோயா புண்ணாக்கு. இப்ப மக்காச்சோளம் எத்தனால் ஆலைக்கும் போறதால அவங்களோட போட்டி போட்டு வாங்க வேண்டியிருக்கு. நாங்க முட்டைய விக்கிறதோ என்.இ.சி.சி. (தேசிய முட்டை ஒருங்கிணைப்புக் குழு) அறிவிக்கற ரேட்டுக்குன்னு நினைக்கறீங்க, அதுலயும் வியாபாரி மைனஸ் போட்டு, அதாவது கொஞ்சம் கழிச்சுக்கிட்டுதான் எடுப்பார். சித்திரை வெயில்ல கோழி தீவனம் குறைச்சுதான் எடுக்கும், செலவு குறைஞ்ச மாதிரி தெரியும், ஆனா முட்டையும் சிறுத்துரும் ஓடும் மெலிஞ்சுரும், வண்டியில ஏத்தறதுக்குள்ளயே எத்தனையோ உடையும்.

ஒரே ஒரு கோரிக்கைங்க. தினமும் நாமக்கல் முட்டை விலை போடற அந்த கட்டத்துக்கு பக்கத்துலயே மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு ரேட்டையும் போடுங்க. முட்டை 20 பைசா ஏறுன அன்னிக்கு தீவனம் எவ்வளவு ஏறியிருக்குன்னு வாங்கறவங்களும் பாத்துக்கட்டும்.

இப்படிக்கு,
முட்டைக்கோழி பண்ணையாளர்,
நாமக்கல் மாவட்டம்