அதே வீட்டுக்கு மறுபடியும் போ

அன்புள்ள செல்விக்கு,

அப்பா எழுதுகிறேன். நேற்று போனில் பேசும்போது பஸ் சத்தத்தில் பாதி கேட்கவில்லை, ஆனால் ஒன்று நன்றாகக் கேட்டது. சீரியல் பெண்களிடம் என்ன மாற்றத்தை உண்டாக்குகிறது என்பதுதான் உன் ஆய்வு, 300 பேருக்கு வாட்ஸப்பில் கூகுள் ஃபார்ம் அனுப்பினால் ஒரு மாதத்தில் பதில் வந்துவிடும் என்றாய். அதிலிருந்து மனசு ஒரு நிலையில் இல்லை.

22 வருஷம் நான் வீடு வீடாக ஏறி இறங்கியது இதற்குத்தானே. எந்தப் பேப்பர் படிக்கிறீர்கள், எந்தச் சானல் பார்க்கிறீர்கள் என்று கேட்டு எழுதுகிற சர்வே வேலை. திருமங்கலத்தில் ஒரு வீட்டில் மருமகள் பெயர் லிஸ்டில் வந்திருந்தது. திண்ணையில் மாமனார். நான் கேட்ட ஒவ்வொன்றுக்கும் அவரே பதில் சொன்னார், "அவ பேப்பரெல்லாம் படிக்க மாட்டா" என்று. அந்தப் பெண் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். 'படிப்பதில்லை' என்று டிக் அடித்துவிட்டுக் கிளம்பினேன். தெருமுனைக் குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவள், குடம் நிறைவதற்குள் தானாகவே சொன்னாள், மளிகைச் சாமான் கட்டி வருகிற தாளையெல்லாம் நீவிவிட்டு ஒரு வரி விடாமல் படித்துவிடுவாளாம். ஒரு தொடர்கதையில் நடுப்பக்கம் மட்டும் கிடைத்து, கடைசியில் என்ன ஆனது என்று தெரியாமலே போய்விட்டதாம். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த வருத்தம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. என் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

என்ன பார்த்தார்கள் என்று குறிக்க வீட்டில் கொடுத்துவிட்டு வருகிற டிவி டைரி இன்னும் மோசம். கால் மணி நேரத்துக்கு ஒரு கட்டம், பார்த்தவர்கள் பார்த்தபோதே டிக் அடிக்க வேண்டும். வாரக் கடைசியில் வாங்கப் போனால் ஏழு நாளும் ஒரே பேனா, ஒரே சாய்வு, கரண்ட் இல்லாத நேரத்துக்கும் டிக். வாசலில் என்னைப் பார்த்த பிறகு நிரப்பியது! மேலதிகாரிகளிடம் சொன்னேன், எண்ணிக்கை குறையக்கூடாது என்றார்கள். அந்தக் கோபம் இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை.

நீ வீட்டில் விட்டுப்போன எம்.ஏ. புத்தகங்களை எடுத்துப் படித்தேன். ஊசி போட்டால் மருந்து ஏறுவதுபோல ரேடியோ மக்கள் மண்டையில் கருத்தை ஏற்றிவிடும் என்ற பழைய எண்ணம் அதில் இருக்கிறது. அந்த எண்ணத்தை அசைத்த ஆய்வைத்தான் நீ நிதானமாகப் படிக்க வேண்டும். 1940இல், ரூஸ்வெல்ட்டும் வில்கியும் மோதிய அமெரிக்க ஜனாதிபதித் தேர்தல் சமயம், ஓஹையோ மாநிலத்து ஈரி கவுண்டியில் (நம் மாவட்டம் மாதிரி) லாசர்ஸ்ஃபெல்ட் என்ற சமூகவியலாளரும் அவருடைய ஆட்களும் 600 பேரைத் தேர்ந்தெடுத்து, மே மாதத்திலிருந்து நவம்பர் வரை அதே 600 பேரை மாதாமாதம் போய்ப் பார்த்தார்கள். திரும்பத் திரும்பக் கேட்பதாலேயே பதில் மாறிவிடுமோ என்ற சந்தேகம் அவர்களுக்கும் இருந்தது. அதைச் சரிபார்க்க வேறு 600 பேர் கொண்ட குழுக்களைத் தனியாக வைத்திருந்து இடையில் ஒருமுறை மட்டும் கேட்டார்கள், என்ன பொறுப்பு பார்! பிரச்சாரம் கேட்டுக் கட்சி மாறியவர்கள் கொஞ்சம்தான், பெரும்பாலோருக்கு ஏற்கெனவே இருந்த எண்ணம் கெட்டிப்பட்டது. யாரைக் கேட்டு முடிவெடுத்தாய் என்றால் ரேடியோவைவிட மனுஷர்களைத்தான் அதிகம் சொன்னார்கள், கூட வேலை செய்பவர், சொந்தக்காரர், பக்கத்து வீட்டுக்காரர் என்று. ரேடியோ, பேப்பர் சொல்வது முதலில் சிலருக்குப் போய், அவர்கள் வாய்வழியாக மற்றவர்களுக்குப் போகிறது என்று, இரண்டு படி ஓட்டம் என்ற பெயரில் நீங்கள் படிப்பது அங்கிருந்து வந்ததுதான்.

ஒரே முறை கேட்டிருந்தால் இது கிடைத்திருக்குமா? யாரைக் கேட்கிறோம் என்பதும் முக்கியம். 1938இல் செவ்வாய்க் கிரகத்து ஆட்கள் இறங்கிவிட்டதாக அமெரிக்க ரேடியோவில் நாடகம் போட்டார்களே, அதைப் பற்றிக் கான்ட்ரில் என்ற உளவியலாளர் செய்த ஆய்வில் விரிவாகப் பேட்டி எடுத்தது 135 பேரை, அதில் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் பயந்துபோனவர்கள் என்று தெரிந்தே தேடிப் பிடித்தவர்கள். ஏன் சிலர் பயந்தார்கள் என்பதற்கு அது நல்ல ஆய்வு. எத்தனை பேர் பயந்தார்கள் என்று அந்த 135ஐ வைத்துச் சொல்ல முடியாது. உன் ஃபார்மும் அப்படித்தான், வாட்ஸப்பில் இருக்கிற, நேரம் இருக்கிற, உன்னைத் தெரிந்த பெண்கள் மட்டும் நிரப்புவார்கள்.

நம் பக்கமே ஒன்று நடந்திருக்கிறது. ஜென்சன், ஆஸ்டர் என்று இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள், 2009இல் வெளிவந்தது. தமிழ்நாடு, பீகார், கோவா, ஹரியானா, டெல்லி என்று 180 ஊர்கள், 2001, 2002, 2003 மூன்று வருஷமும் அதே குடும்பங்கள். நடுவில் 21 ஊருக்குப் புதிதாகக் கேபிள் வந்தது. வந்த ஊரை வராத ஊரோடு வைத்துப் பார்த்தால், புருஷன் அடிப்பது சரிதான் என்று சொல்லும் பெண்கள் குறைந்திருந்தார்கள், ஆண் பிள்ளைதான் வேண்டும் என்பதும் குறைந்திருந்தது. சரி, மனசு மாறியதா, அல்லது எதைச் சொன்னால் நன்றாக இருக்கும் என்று டிவி பார்த்துக் கற்றுக்கொண்டார்களா? அந்தக் கேள்வி அவர்களுக்கும் எழுந்து, பள்ளிக்கூடச் சேர்க்கை, பிள்ளைப்பேறு என்று செயலையும் பார்த்தார்கள். நீயும் பார்க்க வேண்டும் கண்ணு.

உனக்கு அத்தனை ஊர் வேண்டாம். 40 வீடு போதும், மூன்று தடவை போ. முதல் தடவை தண்ணீர் கொடுப்பார்கள், இரண்டாம் தடவை உட்காரச் சொல்வார்கள், மூன்றாம் தடவைதான் பேசுவார்கள். யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று ஒவ்வொரு பேட்டியிலும் ஓரமாகக் குறித்து வை, சீரியலைப் பற்றி அவர்கள் யாரோடு பேசுகிறார்கள் என்றும் கேள். கைடு நாள் ஆகும் என்பார், பணிவாகச் சொல்லிப் பார். பஸ் செலவுக்கு நான் அனுப்புகிறேன்.

கார்த்திகைக்கு வரும்போது கேள்வித்தாளை அச்செடுத்துக்கொண்டு வா. முதல் பேட்டியை அம்மாவிடம் எடு. நீங்கள் பேசி முடிக்கிற வரைக்கும் நான் மொட்டை மாடியில் இருக்கிறேன்.

அன்புடன்,
அப்பா