10ஆம் வகுப்பு மாணவர்களுக்கும் விளையாட்டு பீரியடு வேண்டி கோரிக்கை மனு

அனுப்புநர்:
அரசுப் பள்ளி மாணவர்களின் பெற்றோர்,
முக்கூடல் வட்டாரம்,
திருநெல்வேலி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
கொக்கிரகுளம், திருநெல்வேலி.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் 10ஆம் வகுப்புக்கு வாரம் 2 பி.டி. பீரியடு என்று கால அட்டவணையில் இருக்கிறது. ஆடி கழிந்தால் அந்த நேரத்துக்குக் கணக்கு சாரோ அறிவியல் டீச்சரோதான் வருகிறார்கள். வாலிபால் பீரோவுக்குள் காற்று இறங்கிக் கிடக்கிறது. ஆசிரியர்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. தேர்ச்சி சதவீதம் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியது அவர்கள்தானே. அதனால்தான் பள்ளியின் பெயரை இங்கே எழுதாமல் தனித்தாளில் இணைத்திருக்கிறோம்.

எங்கள் பக்கம் பெண் பிள்ளைகள் வீடு திரும்பினால் பீடித் தட்டு காத்திருக்கும். அம்மாவுக்கு இலை வெட்டிக் கொடுத்துவிட்டு, அப்புறம்தான் பாடம். ஓடியாட அவர்களுக்கு இருப்பது பள்ளி நேரம் மட்டுமே.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனையும் அவன் தங்கையையும் வீடு புகுந்து வெட்டிய வழக்கில் சிக்கியது கூடப் படித்த பையன்கள். அதன் பிறகு, மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க அரசு அமைத்த நீதியரசர் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டக் கையில் கட்டும் கலர் கயிற்றைத் தடுக்கவும் அதில் பரிந்துரை உண்டு. கயிற்றை அறுத்துவிடலாம், வகுப்பில் தெருவாரியாக உட்காருவதை எப்படி மாற்றுவது? வாலிபாலில் பந்தைத் தூக்கிக் கொடுப்பவன் ஒரு தெரு, அடிப்பவன் இன்னொரு தெரு. அவன் தூக்கிக் கொடுக்காமல் இவனுக்கு பாயிண்ட் வராது. மனதில் கிடப்பதையும் பையன்கள் பி.டி. சாரிடம்தான் சொல்கிறார்கள். மாணவர்கள் பேச 14417 உதவி எண் இருக்கிறது, சரி. வீட்டில் உள்ள ஒரே போன் அப்பா கையில் இருக்கும்போது பிள்ளை எப்படிப் பேசும்?

கல்வி உரிமைச் சட்டத்தின் 29ஆம் பிரிவு, குழந்தையின் முழு வளர்ச்சியையும் பயமில்லாத படிப்பையும் கேட்கிறது. அந்தச் சட்டம் 8ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. பிள்ளைகளுக்கு அதிகம் பயம் பிடிப்பதோ 10ஆம் வகுப்பில்.

ஆகவே, பி.டி. பீரியடில் வேறு பாடம் நடத்தக் கூடாது என்று முதன்மைக் கல்வி அலுவலர் வழியாகச் சுற்றறிக்கை அனுப்பவும், ஆய்வுக்கு வரும் அதிகாரிகள் தேர்ச்சிப் பட்டியலோடு மைதானத்தையும் பார்க்கவும் ஆவன செய்ய வேண்டுகிறோம். பெண் பிள்ளைகளுக்கும் மைதானத்தில் சம நேரம் வேண்டும். தை பிறந்தால் ரிவிஷன் டெஸ்ட் தொடங்கிவிடும்; அதற்கு முன்பே உத்தரவு வந்தால் இந்த வருடப் பிள்ளைகளுக்கும் உதவும்.

இப்படிக்கு,
பெற்றோர்கள்
(கையெழுத்துகள் தனித்தாளில்)