எர்லாங் பிழைத்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பைத்தானும் ஜாவாவும் இருக்கையில் சிறிய நிரல்மொழிகளைக் கற்பது வீண் என்று வாதிடும் கட்டுரையைத் தங்கள் இதழில் படித்தேன். பல ஆண்டுகளாக எர்லாங்கில் நிரல் எழுதிச் சம்பளம் வாங்குபவன் என்ற முறையில் மறுக்க வேண்டியிருக்கிறது; ஓரிடத்தில் ஒப்புக்கொள்ளவும் வேண்டியிருக்கிறது.

எர்லாங், 1986-இல் ஸ்வீடனின் தொலைத்தொடர்பு நிறுவனமான எரிக்சனின் ஆய்வுக்கூடத்தில் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் அவருடைய சகாக்களும் தொலைபேசி இணைப்பகங்களுக்காக உருவாக்கத் தொடங்கிய மொழி. இணைப்பகத்தில் ஆயிரக்கணக்கான அழைப்புகள் ஒரே நேரத்தில் ஓடும். ஒன்று அறுந்தால் மற்றவை அறுபடக் கூடாது. நிரலைத் திருத்துவதற்காக இணைப்பகத்தை நிறுத்தவும் முடியாது. ஆகவே, இம்மொழியில் ஒவ்வோர் அழைப்பையும் தனி நினைவகம் கொண்ட ஒரு புரோசஸாக, அதாவது தனித்து ஓடும் ஒரு சிறு பணியாக, எழுதலாம். அது விழுந்தால், அதைக் கண்காணிக்கும் சூப்பர்வைசர் புதிதாக ஒன்றைத் தொடங்கிவைக்கும். இதே வேலையை ஜாவாவில் லைப்ரரி கொண்டு செய்யலாம்தான். ஆனால், நினைவகத்தைப் பகிர்ந்துகொள்ளும் மொழியில், ஒன்றின் கோளாறு மற்றொன்றைத் தொடாமல் காப்பது எழுதுபவரின் ஒழுக்கத்தை நம்பி நிற்கிறது.

தகுதி ஒன்றே எர்லாங்கைக் காப்பாற்றியது என்று சொல்ல மாட்டேன். 1998-இல், எல்லோரும் பயன்படுத்தும் மொழிகளே போதும், சொந்த மொழியைப் பராமரிக்கும் செலவு எதற்கு என்று எரிக்சனின் ஒரு பிரிவே புதிய தயாரிப்புகளில் எர்லாங்கைத் தடைசெய்தது. கட்டுரையாளரின் வாதமும் ஏறக்குறைய இதுதான். அதே ஆண்டு டிசம்பரில் அதன் மூலநிரல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அது நிறுவனத்தின் அலமாரியிலேயே பூட்டிக் கிடந்திருந்தால், எர்லாங்கில் எழுதப்பட்ட ஈஜாபர்டி என்ற செய்திப் பரிமாற்ற சர்வரை எடுத்து வாட்ஸ்அப் தன் சேவையைத் தொடங்கியிருக்க முடியாது. 2014-இல் ஃபேஸ்புக் அந்நிறுவனத்தை வாங்க முன்வந்தபோது, சுமார் 45 கோடிப் பயனர்களுக்கான சேவையை 32 பொறியாளர்கள் நடத்திக்கொண்டிருந்தார்கள். ஒரு சிறிய மொழியைப் பற்றி நான் முதலில் கேட்பது, அதை எத்தனை பேர் எழுதுகிறார்கள் என்பதை அல்ல. அதற்கென்று ஒரு வேலை இருக்கிறதா, பெற்ற வீடு கைவிட்டால் பிறர் எடுத்து வளர்க்க முடியுமா என்பதைத்தான்.

ஒப்புக்கொள்ள வேண்டியது ஆள் பஞ்சத்தை. நான் முன்பு பணியாற்றிய ஓர் இடத்தில், எர்லாங் தெரிந்த இருவரில் ஒருவர் விலகியதும், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த சேவையை ஜாவாவில் திருப்பி எழுதினார்கள். நிர்வாகத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காற்புள்ளி, அரைப்புள்ளி, முற்றுப்புள்ளி மூன்றுக்கும் தனித்தனி வேலை உள்ள இம்மொழியில், ஒன்றை மாற்றிப் போட்டுவிட்டுப் புதியவர்கள் ஒரு மாலைப்பொழுதையே தொலைப்பதையும் பார்த்திருக்கிறேன். எர்லாங் நிரல்களை இயக்கும் பீம் என்ற மெய்நிகர் எந்திரத்தின் மீதே ஓடும் எலிக்சிர் என்ற மொழி, ரூபி மொழியை ஒத்த எழுத்துமுறையால் இந்தத் தொல்லையைப் பெரிதும் குறைத்துவிட்டது. எங்களிடம் இப்போது வேலைக்குச் சேரும் இளைஞர்கள் எலிக்சிர் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். ஏதாவது விழுந்து, பிழைச் செய்தியில் எர்லாங் எட்டிப் பார்க்கும்போது என் மேசைக்கு வருகிறார்கள்.

இப்படிக்கு,
மென்பொருள் பொறியாளர் ஒருவர்,
கோயம்புத்தூர்.