கறியும் கரியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு இணைப்பின் சொல்லாராய்ச்சிப் பகுதியில் ஒரு வரி: இங்கிலாந்தில் 1390 வாக்கிலேயே ‘ஃபார்ம் ஆஃப் க்யூரி’ என்ற சமையல் நூல் இருந்ததாம், ஆகவே ‘கறி’ ஆங்கிலேயர் நமக்குக் கொடுத்த சொல்லாம். கொடுத்த கைக்கு நன்றி.

நூல் இருந்தது உண்மைதான். இரண்டாம் ரிச்சர்ட் மன்னரின் சமையல்காரர்கள் தொகுத்தது. ஆனால் அந்த ‘க்யூரி’க்குச் சமையற்கலை என்று பொருள், பிரெஞ்சு வழி வந்த சொல். அந்தத் தலைப்பைக்கூட 1780இல் அதை அச்சிட்ட சாமுவேல் பெக்தான் வைத்தார். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணத்தை முடிப்பதென்றால், ஆங்கிலத்தில் குதிரையைத் தேய்த்துவிடுவதும் ‘கரி’தான், காக்காய் பிடிப்பது ‘கரி ஃபேவர்’. இரண்டும் பழைய பிரெஞ்சிலிருந்து வந்தவை. அவற்றையும் குழம்புச் சட்டியில் போட்டிருக்கலாமே?

நம் சொல் ஆங்கிலத்துக்குப் போனது போர்த்துக்கீசியர் வாய் வழியாக. அவர்கள் அதைக் ‘கரில்’ ஆக்கினார்கள். டச்சுப் பயணி லின்ஸ்கோட்டனின் பயண நூலின் 1598ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில், சோற்றின் மேல் ஊற்றிக்கொள்ளும் புளிப்பான மீன் சாறு என்று அது வருகிறது. நம் வீட்டு மீன்குழம்புக்கு இதைவிட அடையாளம் வேண்டுமா? 1747இல் ஆங்கிலச் சமையல் நூலாசிரியை ஹன்னா கிளாஸ் அச்சிட்ட கறிக் குறிப்பில் கோழி அல்லது முயல், வெங்காயம், 30 மிளகு, வறுத்த கொத்தமல்லி விதை உண்டு. மஞ்சளும் இல்லை, மிளகாயும் இல்லை. சங்கத் தமிழில் கறிக்கு மிளகு என்றும் பொருள். சேரர் துறைமுகமான முசிறிக்கு யவனர் கலம் “பொன்னொடு வந்து கறியொடு பெயரும்” என்கிறது அகநானூறு 149. இது உங்கள் ஆசிரியர் குழுவுக்குத் தெரியாததல்ல.

கறிக்கடையில் கறி என்றால் ஆட்டிறைச்சி. பிராமணர் வீட்டு வாழைக்காய்க் கறி நீர் வற்றிய பொரியல், வைணவர் இலையில் அதுவே கறியமுது. யாழ்ப்பாணத்தில் தேங்காய்ப்பாலில் கொதிக்கும் வெள்ளைக்கறி. இத்தனைக்கும் இடம் கொடுத்த சொல்லை, ‘காய்கறி’ என்று தினம் விலைப்பட்டியல் போடும் பத்திரிகையே வெளியூர்ச் சரக்கு என்கிறது.

சொல் போகட்டும். அதே இணைப்பின் சமையல் பக்கத்தைச் சமையல் சொல்லிக்கொடுப்பவள் என்ற முறையில் நெடுநாளாகப் பொறுத்துவருகிறேன். ‘கோழிக் கரி’ என்று இதுவரை மூன்று முறை வந்துவிட்டது. அடுப்பில் மறந்து விட்டால்தான் அது கோழிக் கரி. கறிவேப்பிலைக்குக் ‘கறி இலை’ என்று எழுதுகிறீர்கள். அது ஆங்கிலத்துக்குப் போய்ப் பாதி உடம்போடு திரும்பி வந்த பெயர்.

‘கறி பவுடர் 1 டேபிள்ஸ்பூன்’ என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறீர்கள். வாசகிகள் சாம்பார் பொடியை அள்ளிப் போடுகிறார்கள். அதில் பருப்பு இருப்பதால் குழம்பு கூழாகிறது, பெருங்காயம் முந்திக்கொள்கிறது. அந்த அளவுக்கு வீட்டிலேயே மல்லித்தூள் ஒன்றரை டீஸ்பூன், சீரகத்தூள் அரை, மஞ்சள்தூள் அரை, மிளகுத்தூள் கால், மிளகாய்த்தூள் கால், வெந்தயத்தூள் ஒரு சிட்டிகை கலந்தால் போதும். வெந்தயம் கூடினால் கசக்கும். வெங்காயம் வதங்கிய பிறகு, சிறு தீயில் எண்ணெயில் அரை நிமிடம் புரட்டிவிட்டுத் தண்ணீர் விட வேண்டும். நீங்கள் எழுதியபடி கொதிக்கும் குழம்பில் தூவினால் பச்சை வாசனை கடைசிவரை போகாது.

தாய்லாந்து ‘பச்சைக் கறி’க்கும் அதே பவுடரைப் போடச் சொன்னீர்கள். போட்டால் அது மஞ்சள் கறி. பச்சை மிளகாயும் எலுமிச்சைப்புல்லும் அரைத்த விழுதுதான் அதன் உயிர், அவர்கள் மொழியில் அதன் பெயரும் ‘கேங்’.

எல்லாவற்றுக்கும் சிகரம் ஜப்பான் கறி. அது ஆங்கிலேயர் வழியாக அங்கே போனது, அந்தப் பெருமையை அவர்களுக்குத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் அதற்கான மசாலாக் கட்டியை ‘எண்ணெயில் தாளிக்கவும்’ என்று யார் எழுதினார்கள்? அது கொழுப்பில் மாவை வறுத்து, மசாலா சேர்த்து இறுக வைத்தது. எண்ணெயில் போட்டால் மாவு அடிப்பிடித்துக் கருகும். கொதிக்கிற தண்ணீரில் அப்படியே போட்டால் மேல் மாவு வெந்து, உள்ளே கட்டி கட்டியாக நிற்கும். காய் வெந்ததும் அடுப்பை அணைத்து, கட்டியை உடைத்துப் போட்டுக் கரைத்து, மறுபடி சிறு தீயில் பத்து நிமிடம் கிளறினால் பளபளவென்று திரளும்.

அடுத்த ஞாயிறு இரண்டு வரித் திருத்தம் போடுங்கள்: க்யூரி வேறு, கறி வேறு. மெய்ப்புத் திருத்துபவரிடம் வல்லின றகரத்தைக் கொஞ்சம் கவனிக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சமையல் ஆசிரியை ஒருத்தி,
ஸ்ரீரங்கம்